செட்டு போச்சு அண்ணாச்சி: நெல்லையில் கார் ஸ்டீரியோ ரிப்பேரா, புதுசா?

"செட்டு போச்சு அண்ணாச்சி, ஒரு ஆண்ட்ராய்டு போட்டுருவோமா?" பாளையங்கோட்டையில் விசாரித்தாலும் வண்ணார்பேட்டையில் விசாரித்தாலும் கார் அக்சசரீஸ் கடையில் முதலில் விழுகிற பதில் இதுதான். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. புதுச் செட்டு மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் சோலி முடியும், நாலு காசும் நிற்கும். பழையதைக் கழற்றி எது போயிற்று என்று தேட அரை நாள் ஆகும். அதற்கு ஐந்நூறு ரூபாய் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள்தான் ஜாஸ்தி. பேசாமல் போன ஸ்டீரியோவைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலியில் ஒருவர் போகக்கூடிய இடங்கள் நாலு: மைக் செட்டும் ரேடியோவும் பார்க்கிற மெக்கானிக், அக்சசரீஸ் கடை, கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர், ஆன்லைன். நாலையும் எடை போடுமுன், வீட்டு வாசலிலேயே முடிகிற வேலையை முடித்துவிட வேண்டும். புதுச் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களில் பலருக்குப் போனது செட்டே இல்லை.

முதலில் பியூஸ். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஸ்டீரியோவுக்கும் ஒரே பியூஸ்தான். மலிவான போன் சார்ஜர் ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து படுக்கும். சார்ஜரும் வேலை செய்யவில்லை, செட்டும் எரியவில்லை என்றால் டேஷ்போர்டு பியூஸ் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போனது எந்த நிறமோ அதே நிறம்தான் போட வேண்டும். பச்சை 30 கையில் இருக்கிறதே என்று செருகினால், அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். செட்டின் முதுகிலும் ஒரு பியூஸ் உண்டு, பெரும்பாலும் 10 அல்லது 15. அதைப் பார்க்க செட்டை வெளியே இழுக்க வேண்டும்.

ரேடியோ மட்டும் கெட்டுவிட்டது என்று வருகிற புகாரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பேட்டரி கழற்றி மாட்டிய பிறகோ, ரீசெட் செய்த பிறகோ, செட்டின் ரேடியோ மண்டலம் 'அமெரிக்கா' என்று மாறிவிடும். அந்த அமைப்பில் எஃப்.எம். 0.2 மெகாஹெர்ட்ஸ் வீதம் தாவும். நிற்கிற இடமெல்லாம் 100.9, 101.1 என்று ஒற்றைப்படை. நாகர்கோவில் வானொலியின் 101.0 இதில் சிக்கவே சிக்காது, பக்கத்தில் நின்று கரகரக்கும். கோடைப் பண்பலையின் 100.5 மட்டும் சுத்தமாக வரும். நடுத்தர அலையில் இன்னும் மோசம். அமெரிக்க அமைப்பு பத்துப் பத்தாகத் தாவும், நம் ஊர் அலைவரிசைகளோ ஒன்பதின் மடங்குகள். திருநெல்வேலி வானொலியின் 1197 என்பது 9 பெருக்கல் 133. செட்டு 1190-இல் நிற்கும், அடுத்து 1200-க்குப் போய்விடும். அமைப்பில் போய் 'ஆசியா' அல்லது 'ஐரோப்பா' என்று மாற்றினால் தீர்ந்தது. செலவு பூஜ்யம். கோடை நன்றாகக் கேட்டு நாகர்கோவில் மட்டும் கேட்கவில்லை என்றால் இதைத் தவிர வேறெதையும் முதலில் சந்தேகிக்க வேண்டாம்.

பென் டிரைவ் படிக்கவில்லை என்பதும் இதே வகைதான். பழைய செட்டுகளுக்கு ஃபேட் 32 என்ற ஃபைல் அடுக்கு முறை மட்டுமே புரியும். கடையில் வாங்கும் 64 ஜி.பி. டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும். 32 ஜி.பி. அல்லது அதற்குக் கீழே ஒன்றை வாங்கி, ஃபேட் 32-இல் ஃபார்மட் செய்து, எம்.பி.3 பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கும் படிக்காவிட்டால் யு.எஸ்.பி. வாயின் உள்நாக்கு தளர்ந்திருக்கும். புது வாய் வைத்து ஈயம் பற்ற 150 முதல் 300 ரூபாய். புளூடூத் புதுப் போனைச் சேர்க்கவில்லை என்றால் பழைய போன்களின் பட்டியல் நிரம்பியிருக்கும். ஐந்தோ எட்டோதான் அதன் கொள்ளளவு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது செட்டு அணைந்து மறுபடி தொடக்கத்திலிருந்து வருகிறதா? அது பேட்டரி வேலை. நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 முதல் 14.4. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் எந்தப் புதுச் செட்டும் அதையேதான் செய்யும்.

அடுத்தது சற்று கை அழுக்காகிற வேலை. ஃபோர்டு, ஸ்கோடா, வோக்ஸ்வேகன், ரெனோ போன்றவற்றின் ஒரிஜினல் செட்டுகள் பல, பேட்டரியைக் கழற்றினால் நாலிலக்க ரகசிய எண் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் 10 நம்பர் ஸ்பேனரைத் தொட வேண்டும். மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஐந்து நிமிடம் பொறுத்து, பேனலை பிளாஸ்டிக் நெம்புகோலால் எடுங்கள். நம் வெயிலில் ஏழெட்டு வருடம் காய்ந்த டேஷ்போர்டு கிளிப்புகள் அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் ஸ்குரூடிரைவர் கூடாது. மஞ்சள் உறை போட்ட கனெக்டர் ஏர்பேக்குடையது, அதைத் தொட வேண்டாம். உள்ளே இருப்பதைப் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, வயர்கள் செட்டோடு சேரும் கப்ளரைக் கழற்றுங்கள்.

டெர்மினலை மறுபடி மாட்டி கப்ளரில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டியது மூன்று. வெளியே வாங்கி மாட்டிய சந்தைச் செட்டு வயரிங்கில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் காட்ட வேண்டும், சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும், கறுப்பு பாடியோடு சேர்ந்திருக்க வேண்டும். கம்பெனி வயரிங்கின் நிறம் காருக்குக் கார் வேறு. மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறலாம். வயரின் உள்ளே ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் காட்டும்; பாட்டுப் போட்டதும் படுத்துவிடும். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். அது ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் லைன் நன்று. மங்கினால் நோய் வயரில். முப்பது ரூபாய் பல்பு, பத்தாயிரம் ரூபாய் தீர்மானத்தைச் சொல்லிவிடும்.

ஸ்பீக்கருக்கு மீட்டரை 200 ஓமில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல் 4-க்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவுதான் அதிகம் திறந்து மூடப்படுவது, அங்கேதான் முதலில் ஒடியும். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் பாடியோடு வைத்து அளக்க வேண்டும். ஒரு தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் உரசிய வயர் தகரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் பேட்டரியில் பாதியளவு வோல்டேஜ் நிற்கும், அதனால் மைனஸைப் பாடியில் கட்டவே கூடாது. தெரியாமல் கட்டினாலோ, வயர் தானாக உரசினாலோ, ஆம்பிளிபயர் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தும். அடிக்கடி நடந்தால் ஒருநாள் நிரந்தரமாக நின்றுவிடும். ஐ.சி. மாற்றி வீட்டுக்குப் போனவர் அடுத்த மாதமே திரும்பி வருகிறார் என்றால், மெக்கானிக் கதவு வயரைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

இத்தனையும் சரியாக இருந்து செட்டு ஊமையாக இருந்தால்தான் நாலு இடங்களின் பேச்சு.

டவுனிலும் ஜங்ஷனிலும் இன்னும் ஈயப்பற்று ஊதுகிற பழைய ரேடியோ மெக்கானிக்குகளும், கோயில் கொடைக்கு ஓடுகிற மைக் செட் ஆம்பிளிபயர்களைச் சரிபார்ப்பவர்களும்தான் நம் மதிப்பீட்டில் முதல் இடம். கார் செட்டின் சத்தப் பகுதி அவர்களுக்குப் பழகிய பண்டம். டி.டி.ஏ. 7388 போன்ற 25 கால் ஐ.சி.யை மாற்றுவது அவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. ஐ.சி. விலை சில நூறு ரூபாய். கூலியோடு 600 முதல் 1,500-க்குள் முடியும். கேட்டு வாங்க வேண்டியது இரண்டு. ஐ.சி.க்கும் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே வெள்ளைப் பேஸ்ட் புதிதாகத் தடவி, கிளாம்ப் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். இதை விட்டால் கங்கைகொண்டான் போய்த் திரும்புவதற்குள் சூடேறிச் சத்தம் நிற்கும். இன்னொன்று, உப்பிய கெபாசிட்டரை மாற்றும்போது 85 டிகிரி முத்திரைக்குப் பதில் 105 டிகிரி முத்திரை உள்ளதைப் போட வேண்டும். பத்து டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டர் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. சித்திரையில் நிழலில்லாத இடத்தில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நெல்லைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை வித்தியாசம் ஓரிரு ரூபாய்.

இவர்களிடம் உள்ள குறை, நாள். பங்குனியிலிருந்து வைகாசி வரையும், ஆடியிலும் கொடை வேலை நெருக்கும். உங்கள் செட்டு அலமாரியில் தூங்கும். ரசீது, வாரன்ட்டி எதிர்பார்க்க முடியாது. டச் திரை, ஆண்ட்ராய்டு போர்டு வேலைக்கும் இவர்கள் சரிப்பட மாட்டார்கள், அந்த வேலையை போன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுப்பதே மேல். சி.டி. பகுதியும் வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து லென்ஸைத் துடைத்துப் பார்க்கலாம். அதற்கும் படிக்காவிட்டால் லென்ஸ் தொகுதி தேடி அலைவது வீண். பழையதிலிருந்து பிடுங்கிய லென்ஸைத்தான் புதிது என்று மாட்டுவார்கள், மூன்று மாதம் ஓடினால் அதிர்ஷ்டம்.

அக்சசரீஸ் கடைகளின் பலம் மாட்டுகிற வேலையில் இருக்கிறது. எந்தக் காருக்கு எந்தப் பிரேம், எந்தக் கப்ளர் என்பது அவர்களுக்கு விரல்நுனி. டின் என்பது செட்டின் முகப்பு அளவு: ஒற்றை டின் என்றால் 180-க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180-க்கு 100, டொயோட்டாவுக்கு 200-க்கு 100. இந்தக் கணக்கை வாடிக்கையாளர் தெரிந்து வைத்திருந்தாலே பேச்சு வேறு மாதிரி இருக்கும். பலவீனம் கட்டர் எடுத்து வயரை வெட்டுவது. காருக்கேற்ற கப்ளர் 200 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அது ஸ்டாக் இல்லை என்பதற்காகக் கம்பெனி கப்ளரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். நம் வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, ஒரு வருடத்தில் வழுக்கிக் கழன்றுவிடும். மஞ்சள் வயர் தகரத்தில் பட்டால் தீப்பொறி. கம்பெனி வாரன்ட்டியில் உள்ள காராக இருந்தால், பிறகு எலக்ட்ரிக்கல் கோளாறு எது வந்தாலும் வெட்டிய வயரைக் காட்டிக் கையை விரிப்பார்கள். "கப்ளர் இல்லாம மாட்டாதீங்க அண்ணாச்சி, வர வரைக்கும் பொறுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் தாமதம் பெரிதல்ல.

இதே கடைகளில் நடக்கும் இன்னொரு குறுக்கு வழி, சாவி லைன் கிடைக்காதபோது மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து பேட்டரி லைனில் கொடுப்பது. செட்டு அப்போதைக்குப் பாடும், ஆனால் தூங்காது. திரையை அணைத்தாலும் உள்ளே 0.3 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி ஐந்து நாளில் காலி. மூன்றாவது நாளே ஸ்டார்ட்டர் முனகும். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய் நாலு நாள் கழித்து வந்து வண்டியைத் தள்ளுகிறவர்கள் பேட்டரியைத் திட்டுவார்கள். இதற்கு நேர் எதிர் கோளாறும் உண்டு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், சாவியை எடுத்ததும் ரேடியோ நிலையங்களும் நேரமும் மறந்துபோகும். வோக்ஸ்வேகன் குடும்பக் கார்களில் இந்த இரண்டு பின்களும் வழக்கத்துக்கு மாறி இருப்பதால் அடிக்கடி நடக்கும். செட்டுக்கு ஞாபக மறதி என்று மாற்றிக் கேட்பவர்கள், இரண்டு வயரை மாற்றிச் செருகினால் போதும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாகம் பார்த்துச் சரிசெய்யும் வேலை கிடையாது. முழுச் செட்டையும் மாற்றுவார்கள், ஆர்டர் போட்டு வர நாளாகும், விலை 20,000-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். ஆனாலும் மூன்று விஷயங்களுக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும்: வாரன்ட்டி மிச்சமிருந்தால், ரகசிய எண் வேண்டியிருந்தால், திரை உறைவது, புளூடூத் அறுபடுவது போன்ற சாஃப்ட்வேர் கோளாறாக இருந்தால். அப்டேட் போட்டுச் சரியான செட்டுகளைத் தேவையில்லாமல் வெளியே பிரித்துவிட்டு, வாரன்ட்டியும் போய் நிற்பது வீண் வம்பு.

ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சமாகும். அதே காரின் பெயரில் வருடத்துக்கு வருடம் பிரேம் மாறும் என்பதை மறந்தால் அந்த மிச்சமும் போகும். தவிர, கடையில் வாங்காத செட்டை மாட்டித்தரும் கடைக்காரர் கூலியாக 500 முதல் 1,000 வாங்கிக்கொள்வார், பழுது வந்தால் பார்சல் கட்டுவது உங்கள் பாடு. ஒற்றை டின் புளூடூத் செட்டுக்கு ஆன்லைன் பரவாயில்லை. பெரிய திரைக்கு வேண்டாம் என்பதே நம் கருத்து.

இனி சரக்கு. கீழே சொல்லும் விலைகள் சுமாரானவை, கடைக்குக் கடை கூடும் குறையும்.

பாட்டும் போன் பேச்சும் போதும் என்றால் பெயர் பெற்ற கம்பெனியின் ஒற்றை டின் செட்டு 3,000 முதல் 6,000-க்குள். சி.டி. இல்லாததால் உள்ளே அசையும் பாகமே கிடையாது, சூட்டையும் தாங்கும். பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ, இண்டிகா மாதிரி வண்டிகளுக்கு இதைவிடக் கண்ணியமான தேர்வு இல்லை. பெட்டியில் 4 பெருக்கல் 50 வாட் என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். முதுகில் 10 ஆம்பியர் பியூஸ், 14.4 வோல்ட்டில் உள்ளே போவதே 144 வாட், அதில் ஒரு பகுதி சூடாகப் போகும். பிறகு 200 வாட் எங்கிருந்து வெளியே வரும்? நடைமுறையில் ஒரு சேனலுக்குப் பதினைந்து, பதினெட்டு வாட் சுத்தமாக வரும், காருக்கு அது தாராளம்.

6,000 முதல் 10,000-க்குள் கிடைக்கும் 9 அங்குல ஆண்ட்ராய்டுதான் கடைகளில் அதிகம் தள்ளப்படுவது. இந்த விலையில் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. ஏ.சி. 8227 எல் என்ற பழைய நாலு கோர் சிப்பை வைத்து, 'ஆண்ட்ராய்டு 13' என்று அமைப்புப் பக்கத்தில் எழுத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். பிடிப்பது எளிது: கடையிலேயே சாதன விவரம் காட்டும் செயலி ஒன்றை நிறுவி, ஆண்ட்ராய்டின் உள்பதிப்பைச் சொல்லும் ஏ.பி.ஐ. எண்ணைப் பாருங்கள். 27 என்றால் அது ஆண்ட்ராய்டு 8.1. ஆண்ட்ராய்டு 10 என்றால் 29 இருக்க வேண்டும், 13 என்றால் 33. அந்தச் சோதனைக்குக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில். யூனிசாக் 7862 சிப், 4 ஜி.பி. ரேம், 1280-க்கு 720 திரை என்று போனால் விலை 15,000-ஐத் தாண்டும், ஆனால் மேப்பும் பாட்டும் ஒன்றாக ஓடும்போது திணறாது. அதைவிட, அதே காசுக்கு, போனின் மேப்பையும் பாட்டையும் செட்டுத் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள பெயர்பெற்ற கம்பெனியின் 7 அங்குல இரட்டை டின் செட்டு வாங்குவதே மேல் என்போம். மூளை போனில் இருப்பதால் செட்டுக்கு வயசாகாது. பகட்டுக் குறைவு, உண்மைதான்.

மலிவு ஆண்ட்ராய்டுகளில் இரண்டு வகைப் பழுது வரும். தொடாமலே திரை தானாக அழுத்தப்படுவது டச் கண்ணாடியின் பசை சூட்டில் விட்டதால். கண்ணாடி மட்டும் மாற்ற 1,000 முதல் 2,500, மாற்றலாம். லோகோவிலேயே நின்று சுற்றிச் சுற்றி வந்தால் ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். அதற்கும் எழாவிட்டால் நினைவக சிப் போயிருக்கும், அதற்குச் செலவழிக்காதீர்கள்.

மாற்றுவதா, சரிசெய்வதா என்பதற்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். புதுச் செட்டு, பிரேம், கப்ளர், கூலி எல்லாம் கூட்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் ரிப்பேர் முடியும் என்றால் ரிப்பேர். ஒரிஜினல் செட்டுக்கு இதைப் பாதி வரை தளர்த்தலாம். காரணம் சத்தம். கம்பெனி அந்தக் காரின் ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் ஏற்ப இசைத்து வைத்திருக்கும். புதுச் செட்டை மாட்டிவிட்டு 'பழசுல பேஸ் நல்லா இருந்துச்சே' என்று சொல்பவர்கள் பிரமையில் சொல்லவில்லை. ஏ.சி. அளவு, கதவு எச்சரிக்கை, ரிவர்ஸ் கேமரா எல்லாம் செட்டின் திரையிலேயே வருகிற கார்களில், அல்லது சீட்டுக்கடியில் தனி ஆம்பிளிபயர் உள்ள கார்களில், செட்டைக் கழற்றினால் கூடவே பாதிக் காரும் கழன்றுவிடும். காரின் தகவல்களைப் புதுச் செட்டுக்குக் கொண்டுவரும் கேன் பஸ் பெட்டி என்று 1,000 முதல் 2,500-க்கு ஒன்றை வைப்பார்கள், சிலது மட்டும் திரும்பி வரும். அங்கெல்லாம் கொஞ்சம் கூடுதல் செலவானாலும் ரிப்பேர்தான்.

வெள்ளம் பார்த்த வண்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது முங்கிய கார்கள் பல. அதில் சில கழுவித் துடைத்து இன்று பழைய கார் சந்தையில் நிற்கக்கூடும். செட்டு டேஷ்போர்டில் உயரத்தில் இருப்பதால் தப்பித்திருக்கலாம். கீழே ஓடும் வயர் தப்பியிருக்காது. பழைய கார் வாங்குகிறவர் செட்டை இழுத்துக் கப்ளர் பின்களைப் பார்க்கட்டும்: பச்சைக் களிம்பு பூத்திருந்தால், ஓரத்தில் வண்டல் கோடு தெரிந்தால், அது ஸ்டீரியோ பிரச்சினை இல்லை, கார் பிரச்சினை. உவரி, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் கடலோரத்திலேயே நிற்கும் வண்டிகளிலும் களிம்பு வரும், ஆனால் ஆண்டெனா அடியில்தான் முதலில் வரும். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே ரேடியோ தெளியும்.

புதுச் செட்டு மாட்டியாயிற்று, ரேடியோ மட்டும் இரைகிறது என்றால் நீல வயரைக் கேளுங்கள். கூரை ஆண்டெனாவுக்குள் சிறு ஆம்பிளிபயர் இருக்கும் கார்களில், அந்த நீல வயர்தான் அதற்கு 12 வோல்ட் தருவது. அவசரத்தில் அதைச் சுருட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்' என்று கூடவே ஏறும் சத்தம் ஆல்டர்னேட்டருடையது. செட்டின் கறுப்பு வயரை நல்ல இடத்தில் பாடியோடு இறுக்கினால் அடங்கும். அதற்கு முன் சாக்கெட்டிலிருக்கும் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்புமுன் நின்று பார்க்க வேண்டியது: ஃபேடர், பேலன்ஸை ஓரத்துக்கு ஓரம் தள்ளி நாலு ஸ்பீக்கரும் அந்தந்த இடத்தில் பேசுகிறதா, ஸ்டியரிங் பட்டன் வேலை செய்கிறதா, ரிவர்ஸ் போட்டால் கேமரா வருகிறதா, ஹசார்டு சுவிட்ச் எரிகிறதா. பேனலை மூடும்போது ஹசார்டு கனெக்டரை மாட்ட மறப்பது சர்வ சாதாரணம். பேனலை மூடுமுன்பே 101.0 எடுத்துக் கேட்டுவிடுவது நல்லது. பிறகு வண்டியைப் பூட்டி இருபது நிமிடம் கழித்து, மீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் வைத்து மைனஸ் டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவே சேர்த்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும்.

விலையுள்ள செட்டு என்றால் பில்லைக் காப்பீட்டில் எலக்ட்ரானிக் பொருத்தமாகத் தனியே எழுதச் சொல்லுங்கள். வழக்கமாக மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், 20,000 ரூபாய் செட்டுக்கு வருடம் 800-உம் வரியும். எழுதாவிட்டால் திருட்டுப் போகும் நாளில் அந்தச் செட்டு காரில் இருந்ததாகவே கணக்கில் வராது. கழற்றிய ஒரிஜினல் செட்டை ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் கடையில் விட்டுவிட்டு வராமல், அதன் பிராக்கெட், நாலு ஸ்க்ரூ, பேனல் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் கட்டி வீட்டுப் பரணில் போடுங்கள். காரை விற்கும்போது கேட்பார்கள்.